பூட்டும் அவனிடம், சாவியும் அவனிடம்!

மதுரை ஜங்ஷனில் முன்பதிவுக் கவுண்ட்டர் முன்னால் கால்கடுக்க நின்று டிக்கெட் வாங்காத தொழிலாளி நம்மில் யார்? பாரத்தை நீட்டுகிறோம். உள்ளே இருக்கும் ஊழியர் நாலு பொத்தானைத் தட்டுகிறார். பெட்டி எண், படுக்கை எண், கட்டணம் எல்லாம் அச்சாகிச் சீட்டு வெளியே வருகிறது. அந்தச் சீட்டுக்குப் பின்னால், நம் கண்ணுக்கு எட்டாத தூரத்தில், பெரிய கணிப்பொறி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. கணிப்பொறிக்குள் அதை நடத்துகிற கட்டளைத் தொகுப்பு இருக்கிறது. அதைத்தான் மென்பொருள் என்கிறோம். ஆபீசில் சாப்ட்வேர் என்பார்கள். அந்த மென்பொருளுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். அவருக்கு வருஷா வருஷம் ஒரு தொகை போய்க்கொண்டிருக்கிறது.

“இது படித்தவர்கள் சமாசாரம், நமக்கு எதற்கு?” என்று சில தோழர்கள் கேட்கலாம். அந்தத் தொகையை யார் கொடுக்கிறார்கள்? ரயில்வே மந்திரியின் சட்டைப் பையிலிருந்தா வருகிறது? பேங்க் சேர்மன் வீட்டுப் பீரோவிலிருந்தா வருகிறது? ரயில் கட்டணத்திலும், பேங்க் பிடிக்கும் சர்வீஸ் சார்ஜிலும், இன்சூரன்ஸ் பிரீமியத்திலும், கரண்டு பில்லிலும் அதன் பங்கு கலந்திருக்கிறது. கொடுப்பவன் நாமாக இருக்கும்போது, என்ன விலை, ஏன் அந்த விலை என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு அல்லவா?

கேட்போம். கேட்டுத் தெளிந்தால், பொது நிறுவனம் ஒன்று ஒரு கம்பெனியை விட்டு இன்னொரு கம்பெனிக்கு மாறுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும்போது நாம் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதும் விளங்கும்.

முன்பணம் வாங்கிய நெசவாளி

விலை என்பது என்ன? பொருளைச் செய்ய ஆன செலவு, அதன்மேல் லாபம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். கத்தரிக்காய்க்கு அது பொருந்தலாம். இந்த மென்பொருள் வியாபாரத்துக்குப் பொருந்தாது. ஒரு முறை எழுதிவிட்டால் அடுத்த பிரதி எடுக்கக் கம்பெனிக்கு ஏறக்குறையச் செலவே இல்லை. அப்படியானால் கோடிக் கணக்கில் விலை எங்கிருந்து வருகிறது?

தறி ஓட்டும் தோழர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். முதலாளி பாவு கொடுக்கிறார், நூல் கொடுக்கிறார். மகள் கலியாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ முன்பணமும் கொடுக்கிறார். அடுத்த தெருவில் இன்னொரு முதலாளி புடவைக்கு அதிகக் கூலி தருகிறார் என்று தெரிந்தாலும் நெசவாளி போக முடியாது. போக வேண்டுமானால் முன்பணத்தை மொத்தமாகத் திருப்பி வைக்க வேண்டும். அதனால் இந்த முதலாளி நிர்ணயிக்கும் கூலிதான் கூலி. கூலியைத் தீர்மானிப்பது நெசவின் நேர்த்தியும் அல்ல, நூலின் விலையும் அல்ல. விட்டுப் போக முடியாத நிலைதான் தீர்மானிக்கிறது.

பெரிய கணிப்பொறி விவகாரமும் இதுவேதான். பேங்கோ, இன்சூரன்ஸ் நிறுவனமோ, சர்க்கார் இலாகாவோ இருபது முப்பது வருஷம் ஒரே கம்பெனியின் மெஷினில் தன் கணக்கு முழுவதையும் எழுதி வைத்துவிட்டது. அந்த மெஷினுக்கு மட்டும் புரிகிற வகையில் ஆயிரக்கணக்கான வேலைக் கட்டளைகளை எழுதி வைத்துவிட்டது. இப்போது விலையை ஏற்றினால் எங்கே போகும்? வாடிக்கைக்காரர் வெளியே போக எவ்வளவு செலவாகும் என்பதைக் கம்பெனி கணக்குப் பார்க்கிறது. அதற்கு ஓர் அணா குறைவாக விலையை வைக்கிறது. இந்த வியாபாரத்தின் ரகசியம் அவ்வளவுதான்!

வாடகைக்கு வந்த பழைய மெஷின்

இந்தியாவில் இந்தக் கதை எப்படித் தொடங்கியது? அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி 1959-ல் 1401 என்ற கணிப்பொறியை வெளியிட்டது. 1960-களில் அந்த வகை மெஷின்கள் நம் நாட்டுக்கும் வந்தன. விலைக்கு அல்ல, வாடகைக்கு! மெஷின் அவர்களுடையது, பழுது பார்ப்பவர் அவர்கள் ஆள், அட்டைகூட அவர்கள் சொல்லும் அட்டை. ஆயுள் இன்சூரன்ஸ் ஊழியர்கள் அந்தக் காலத்தில் கணிப்பொறியை எதிர்த்துப் போராடினார்கள். வேலை போய்விடும் என்ற அச்சம் ஒரு பக்கம். நாட்டின் கணக்குப் புத்தகம் அந்நியக் கம்பெனியின் பெட்டிக்குள் போகிறதே என்ற கவலையும் நியாயமானதுதான்.

அமெரிக்காவில் 1971-லேயே விற்பனையை நிறுத்திவிட்ட அந்த 1401 மெஷின் இந்தியாவில் அதன் பிறகும் வாடகை ஈட்டிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் உபயோகித்த பழைய மெஷினைப் புதுக்கிக் கொண்டுவந்து இங்கே வாடகைக்கு விட்டார்கள். 1970-களின் நடுவில் பார்லிமெண்டின் பொதுக் கணக்குக் குழு இதை ஆராய்ந்து கண்டனம் தெரிவித்தது.

1973-ல் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அந்நியக் கம்பெனிகள் தங்கள் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். ஐ.பி.எம். மறுத்தது. ஜனதா சர்க்காரில் ஜார்ஜ் பெர்னாண்டஸ் தொழில் மந்திரியாக இருந்த காலம். 1978-ல் கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது.

“ஐயோ, மெஷின்களெல்லாம் நின்று போகுமே!” என்று அன்றைக்கு அலறியவர்கள் உண்டு. நின்றதா? நிற்கவில்லை. கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன், சுருக்கமாக சி.எம்.சி. என்ற பொதுத் துறை நிறுவனத்தை சர்க்கார் முன்கூட்டியே அமைத்திருந்தது. ஐ.பி.எம்.மில் வேலை பார்த்துப் பழகிய இந்திய எஞ்சினீயர்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். ஐ.பி.எம். விட்டுப்போன மெஷின்களை அவர்கள் கைகளே ஓட்டின. போனது கம்பெனி, வேலை தெரிந்த தொழிலாளி இங்கேயே இருந்தான். அதனால் மெஷினும் ஓடியது. இந்த இடத்தை மறக்காமல் நினைவில் வையுங்கள். கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

ஒரே விலை இரண்டானது

ஒரு காலத்தில் மென்பொருளுக்குத் தனி விலையே கிடையாது. மெஷினை வாடகைக்கு எடுத்தால் அதை நடத்தும் கட்டளைகளும் கூடவே வரும். இனாமா? இல்லை. அதன் விலையும் வாடகைக்குள் ஒளிந்திருந்தது. ஒளிந்திருந்ததால் வேறு எவனும் மென்பொருள் மட்டும் எழுதி விற்க முடியவில்லை. இனாம் என்று ஒருவன் கொடுக்கும்போது காசுக்கு எவன் வாங்குவான்?

1969 ஜனவரியில் அமெரிக்க சர்க்காரே ஐ.பி.எம். மீது ஏகபோக வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு ஜூன் 23-ல், மெஷினுக்குத் தனி விலை, சில மென்பொருள்களுக்கும் சேவைகளுக்கும் தனி விலை என்று கம்பெனி அறிவித்தது. விலை பிரிந்த பிறகுதான் மென்பொருள் தனித் தொழிலாக வளர்ந்தது. போட்டிக் கம்பெனிகளும் கிளம்பின. மொத்தமாகக் கட்டிய பொட்டலத்தை அவிழ்த்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை கேட்டால்தான் பேரம் பேச முடியும் என்பது இதில் நாம் படிக்க வேண்டிய பாடம்.

பொட்டலம் அவிழ்ந்ததும் சூழ்ச்சி முடிந்ததா? இல்லை, வேறு உருவம் எடுத்தது. மெயின்பிரேம் எனப்படும் ராட்சதக் கணிப்பொறிக்கு ஐ.பி.எம். மென்பொருள் வாடகையை நெடுங்காலம் கணக்கிட்ட முறையைப் பாருங்கள். மில் தோழர்களுக்கு இது உடனே புரியும். ஆலைக்கு வரும் உயர் அழுத்த மின்சார பில்லில் எரித்த யூனிட்டுக்கு ஒரு தொகை, மாதத்தில் ஏதோ ஒரு வேளை இழுத்த உச்சபட்ச டிமாண்டுக்கு ஒரு தொகை என்று இரண்டு இருக்கும். இங்கேயும் அப்படித்தான். நாலு மணி நேரச் சராசரியை மாதம் முழுவதும் பார்த்துக்கொண்டே வருவார்கள். எந்த நாலு மணி நேரத்தில் மெஷின் மிக அதிகமாக உழைத்ததோ, அந்த உச்சத்துக்குத்தான் மாத வாடகை. சம்பள நாளன்று பேங்கில் கூட்டம் அலைமோதுகிறது. மற்ற நாட்களில் மெஷின் சோம்பிக் கிடக்கிறது. ஆனாலும் பில் சம்பள நாளை வைத்து வரும்! இந்தக் குறையைச் சொல்லி வாடிக்கைக்காரர்கள் முணுமுணுத்த பிறகு, 2019-ல் வேறொரு கட்டணத் திட்டத்தையும் ஐ.பி.எம். கொண்டுவந்தது.

பேங்குகளில் இதற்கென்றே ஆட்களை வைத்து, எந்த வேலையை எந்த ராத்திரிக்குத் தள்ளினால் உச்சம் குறையும் என்று கணக்குப் பார்க்கிறார்கள். வேலை செய்வதற்காக மெஷின் என்பது போய், பில்லுக்குப் பயந்து வேலையைத் தள்ளிவைக்கும் நிலை வந்துவிட்டது!

ஒரு கணக்குப் போடுவோம்

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். நாமாக வைத்துக்கொண்ட தொகைதான். கணக்கின் போக்கு விளங்குவதற்காகச் சொல்கிறேன். ஒரு நிறுவனம் மென்பொருள் வாடகையாக ஆண்டுக்கு 1 கோடி ரூபாய் கட்டுகிறது. இன்னொரு கம்பெனி அதே வேலைக்கு 60 லட்சம் கேட்கிறது. ஆண்டுக்கு 40 லட்சம் மிச்சம். உடனே மாறிவிடலாமா?

பொறுங்கள். மாறுவதற்கு ஒரு செலவு இருக்கிறது. பழைய கட்டளைகளை மாற்றி எழுத வேண்டும். பழைய கணக்குகளைப் புதிய மெஷினுக்குப் பெயர்க்க வேண்டும். சில மாதங்கள் இரண்டையும் சேர்த்து ஓட்டிச் சரிபார்க்க வேண்டும். ஊழியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். எல்லாம் சேர்த்து 3 கோடி ஆகிறது என்று வையுங்கள். ஆண்டுக்கு 40 லட்சம் மிச்சம் பிடித்து 3 கோடியை ஈடுகட்ட ஏழரை ஆண்டு! எந்த அதிகாரி துணிவார்? துணியமாட்டார் என்பது பழைய கம்பெனிக்கும் தெரியும். அடுத்த ஆண்டு அது விலையை இன்னும் ஏற்றும்.

இப்போது இன்னொரு விதமாகப் பாருங்கள். கணக்குகள் யாரும் படிக்கக்கூடிய பொது வடிவத்தில் இருக்கின்றன. கட்டளைகளை எழுதியவர்கள் அந்த நிறுவனத்தின் சொந்த ஊழியர்கள். எல்லாம் அவர்களுக்கு அத்துபடி. அதனால் மாறும் செலவு 60 லட்சம்தான் ஆகிறது. ஒன்றரை ஆண்டில் ஈடாகிவிடும். இதைப் பழைய கம்பெனியும் கணக்குப் பார்க்கும். பார்த்தவுடன் தானே இறங்கி வரும். விட்டுப் போகும் வழி திறந்திருந்தால், போகாமலே விலை இறங்கும்!

ஆகவே மாறுவதா இல்லையா என்பது இரண்டாவது கேள்விதான். மாற முடியுமா என்பதுதான் முதல் கேள்வி.

ராட்சதனுக்கே இந்தக் கதி

“நாம் ஏழை நாடு, அதனால் ஏமாற்றுகிறார்கள்” என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் டெலிபோன் ராட்சதனான ஏ.டி. அண்டு டி. கம்பெனிக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். அதன் மெயின்பிரேம்களை நிர்வகித்தது ஐ.பி.எம். அவற்றில் ஓடிய மென்பொருள்களில் பல பி.எம்.சி. என்ற இன்னொரு கம்பெனியுடையவை. பி.எம்.சி. மென்பொருளை எடுத்துவிட்டுத் தன் மென்பொருளைப் போடமாட்டேன் என்று ஐ.பி.எம். 2015-ல் பி.எம்.சி.க்கு எழுத்து மூலம் ஒப்புக்கொண்டிருந்தது. பிறகு ஏ.டி. அண்டு டி.யில் அந்த மாற்றம் நடந்தது. பி.எம்.சி. வழக்குப் போட்டது. 2022-ல் ஹூஸ்டன் கோர்ட் 160 கோடி டாலர் கொடுக்கும்படி ஐ.பி.எம்.முக்கு உத்தரவிட்டது. 2024-ல் அப்பீல் கோர்ட் அதை ரத்து செய்தது. வாடிக்கைக்காரரே தம் சொந்தக் காரணங்களுக்காக மாறியிருக்கிறார் என்று சொன்னது.

யார் வென்றார்கள் என்பது நமக்கு முக்கியமல்ல. வாடிக்கைக்காரரை மாற்றுவதா வேண்டாமா என்று இரண்டு வியாபாரிகள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்களே, அதுதான் முக்கியம். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்துத் தரகர்கள் விலை பேசுவதுபோல!

அதே ஏ.டி. அண்டு டி. இன்னொரு முறையும் சிக்கியது. பிராட்காம் என்ற கம்பெனி 2018-ல் மெயின்பிரேம் மென்பொருள் விற்கும் சி.ஏ. கம்பெனியை வாங்கியது. 2023 நவம்பரில் வி.எம்.வேர் என்ற கம்பெனியையும் வாங்கியது. வாங்கிய சூட்டோடு, ஒரே முறை பணம் கட்டிக் காலமெல்லாம் உபயோகிக்கும் உரிமத்தை விற்பதை நிறுத்தியது. இனிமேல் சந்தா கட்டு என்றது. 2024-ல் ஏ.டி. அண்டு டி. நியூயார்க்கில் வழக்குப் போட்டது. அது கோர்ட்டில் கொடுத்த காகிதங்களின்படி, கேட்கப்பட்ட விலை உயர்வு 1,050 சதவீதம்! அந்த ஆண்டே சமரசம் செய்துகொண்டார்கள். மென்பொருள் மாறவில்லை, மெஷினும் மாறவில்லை. சொந்தக்காரர் மட்டும் மாறினார். சொந்தக்காரர் மாறியதும் விலையும் மாறியது.

ரயில்வே சொல்லும் பாடம்

நம் ரயில்வேக்குத் திரும்புவோம். ஐ.பி.எம். போன பின் மெஷின்களைக் காப்பாற்றிய அதே சி.எம்.சி.தான் 1980-களின் நடுவில் டில்லியில் கணிப்பொறி முன்பதிவுத் திட்டத்தை அமைத்துக் கொடுத்தது. பழுது பார்க்கக் கற்றுக்கொண்ட கை, புதிதாகப் படைக்கவும் கற்றுக்கொண்டது. 1986-ல் ரயில்வே தனக்கென்று கிரிஸ் என்ற தகவல் அமைப்பை ஏற்படுத்தியது. அந்த அமைப்பே முன்பதிவு மென்பொருளை விரிவாக எழுதியது. 1999-ல் டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஒரே வலையாக இணைந்தன. மதுரையில் இருந்துகொண்டு டில்லியிலிருந்து புறப்படும் வண்டிக்கு டிக்கெட் எடுக்க முடிந்தது அதனால்தான்.

இதிலும் ஒரு முடிச்சு இருந்தது. வேலைக் கட்டளைகள் நம்முடையவை. அடியில் இருந்த மெஷினும், அதை இயக்கும் வி.எம்.எஸ். என்ற அடிப்படை மென்பொருளும் டிஜிட்டல் என்ற அமெரிக்கக் கம்பெனியுடையவை. 1998-ல் அந்தக் கம்பெனியைக் காம்பாக் வாங்கியது. 2002-ல் காம்பாக்கை எச்.பி. வாங்கியது. 2014-ல் வி.எம்.எஸ்.ஸை வளர்க்கும் பொறுப்பு இன்னொரு சிறு கம்பெனிக்குப் போனது. குடியிருப்பவர் மாறவில்லை, வீட்டுக்காரர்தான் மாறிக்கொண்டே போனார்! அது ஓடும் இட்டானியம் என்ற சில்லைச் செய்வதை இன்டெல் கம்பெனி நிறுத்தி, 2021-ல் கடைசிச் சரக்கையும் அனுப்பிவிட்டது. முன்பதிவுத் திட்டம் 2010-ல் அமைத்த இட்டானியம் மெஷின்களில் வி.எம்.எஸ். கொண்டு ஓடுகிறது என்றும், அதைப் புதிய முறைக்கு மாற்றப் போகிறோம் என்றும் 2025-ல் ரயில்வே மந்திரி பார்லிமெண்டில் சொன்னார்.

இப்படி ஒரு நெருக்கடியிலும் ரயில்வே எதைப் பற்றி நிமிர்ந்து நிற்க முடிகிறது? டிக்கெட் போடும் அறிவு எந்தக் கம்பெனியிடமும் அடகில் இல்லை, சொந்த அமைப்பிடம் இருக்கிறது. பூட்டு அந்நியனுடையது என்றாலும் சாவியில் பாதி நம் கையில்.

அந்த அறிவை வளர்த்துக் கொடுத்த சி.எம்.சி. என்ன ஆயிற்று? 2001-ல் சர்க்கார் அதன் பெரும்பான்மைப் பங்கை டாட்டாவுக்கு விற்றது. 2015-ல் டி.சி.எஸ்.ஸோடு கரைந்து பெயரும் இல்லாமல் போனது. ஆபத்துக் காலத்தில் கைகொடுத்த பொது நிறுவனத்தை, ஆபத்து நீங்கியதும் விற்ற கதை அது. அடுத்த ஆபத்து வந்தால் யாரைக் கூப்பிடுவது?

நம் ஊர்ப் பக்கம் நடந்தவை

தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனம் 2000-களின் பிற்பகுதியில் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது, மைக்ரோசாப்ட் மென்பொருளுக்குப் பதில் லினக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளை ஆபீஸ் கணிப்பொறிகளிலும் பள்ளிக்கூடக் கணிப்பொறிகளிலும் போட்டார்கள். கேரளத்துப் பள்ளிக்கூடங்களும் அதே வழியில் போயின. 2011-ல் தொடங்கி மாணவர்களுக்கு நம் மாநில சர்க்கார் கொடுத்த இலவச மடிக்கணினியில் விண்டோசும் இருந்தது, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. இரண்டு கதவு வைத்த வீடு! மத்திய சர்க்காரும் 2015-ல் திறந்த மூல மென்பொருளுக்கு முதலிடம் என்று கொள்கை வகுத்தது. கொள்கை ஏட்டில் இருந்தால் போதாது, டெண்டரில் இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கவலை என்று கேட்பவர்கள் 2025 ஜூலையை நினைத்துப் பார்க்கட்டும். குஜராத்தில் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், நாடெங்கும் பெட்ரோல் பங்குகளும் நடத்தும் நயாரா கம்பெனிக்கு மைக்ரோசாப்ட் திடீரென்று சேவையை நிறுத்தியது. ரஷ்யப் பங்குதாரர் இருப்பதால் ஐரோப்பிய யூனியன் தடை விதித்ததாம். அதனால் இந்தியாவில் தபாலும் கணக்கும் நின்றன! கம்பெனி டில்லி ஹைகோர்ட்டுக்கு ஓடிய பிறகு சேவை திரும்பியது. பணம் கட்டியவருக்கே இந்த நிலை. விலை ஏறுவது ஒரு கஷ்டம். கதவையே அடைப்பது அதைவிடப் பெரிய கஷ்டம்.

மத்திய சர்க்கார் ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் சென்னையில் பிறந்த ஜோஹோ கம்பெனியின் மேடைக்கு மாற்றப்பட்டதாக 2025-ல் செய்தி வந்தது. தமிழ்நாட்டுக் கம்பெனி, தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில்கூட வேலை கொடுக்கிற கம்பெனி. மகிழ்ச்சிதான். ஆனால் வெளியூர் முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தை அடைக்க உள்ளூர் முதலாளியிடம் முன்பணம் வாங்கினால் நெசவாளி விடுதலை அடைந்துவிட்டானா? உள்ளூர்க் கம்பெனியிடமும் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். நல்ல கம்பெனி கோபித்துக்கொள்ளாது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு

மாற வேண்டும் என்று முடிவானால் மறுநாளே குதிக்கவும் கூடாது. இங்கிலாந்தில் டி.எஸ்.பி. பேங்க் தன் பழைய சொந்தக்காரரான லாயிட்ஸ் பேங்கின் கணிப்பொறி முறையில் வாடகைக்கு இருந்தது. 2018 ஏப்ரலில் ஒரே மூச்சில் புதிய முறைக்குத் தாவியது. 19 லட்சம் வாடிக்கைக்காரர்கள் வரை தங்கள் கணக்கையே திறக்க முடியாமல் தவித்தார்கள். 2022-ல் மேற்பார்வை அதிகாரிகள் விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சம் பவுனுக்கு மேல். பழைய பாலம் இருக்கும்போதே புதிய பாலத்தில் சுமை வண்டி விட்டுப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் பழையதை இடிக்க வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

பேங்கிலும் இன்சூரன்சிலும் மின்வாரியத்திலும் போக்குவரத்துக் கழகத்திலும் சங்கம் நடத்தும் தோழர்களே! உங்கள் நிர்வாகம் மென்பொருள் வாங்கும்போதும், கம்பெனியை மாற்றும்போதும், கூலியையும் போனசையும் பற்றிக் கேட்பதுபோல இவற்றையும் கேளுங்கள்.

முதலாவது, மெஷினுக்கு எவ்வளவு, மென்பொருளுக்கு எவ்வளவு, பராமரிப்புக்கு எவ்வளவு என்று தனித்தனியாக விலை வேண்டும். பொட்டலம் கட்டிய விலை கூடாது.

இரண்டாவது, எத்தனை ஆண்டுக்கு விலை ஏறாது, ஏறினால் எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். ஒப்பந்தத்தின் அருமையை மதுரைச் சீமை விவசாயிக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. முல்லைப் பெரியாற்றுக் குத்தகைப் பத்திரம் 1886 அக்டோபரில் கையெழுத்தானது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், 999 ஆண்டு. 1970-ல் இரு மாநில சர்க்காரும் பேசி அதை 30 ரூபாய் ஆக்கின. அந்தப் பத்திரத்தின் நியாய அநியாயத்தைப் பற்றி இரு மாநிலத்திலும் இரண்டு கருத்து உண்டு. அது வேறு விவகாரம். தண்ணீர் விடுகிறவர் வருஷா வருஷம் தம் இஷ்டத்துக்கு விலை சொல்லியிருந்தால், மேலூர்க் கடைமடை வரை நடவு நட்டிருப்பானா உழவன்? தண்ணீருக்கு உள்ள நியாயம் கணக்குப் புத்தகத்துக்கும் வேண்டும்.

மூன்றாவது, நம் கணக்குகள் யாரும் படிக்கக்கூடிய பொது வடிவத்தில் நம்மிடமே இருக்க வேண்டும். ஒப்பந்தம் முடியும் நாளில் கம்பெனி எதையும் பிடித்து வைக்கக் கூடாது.

நாலாவது, மாற என்ன செலவாகும் என்று நிர்வாகம் ஆண்டுக்கு ஒரு முறை கணக்குப் பார்த்து வெளியிட வேண்டும். அந்தத் தொகை ஏறிக்கொண்டே போனால் கழுத்துக் கயிறு இறுகுகிறது என்று பொருள்.

ஐந்தாவது, இதுவே தலையாயது: முறையை உள்ளும் புறமும் அறிந்த சொந்த ஊழியர்கள் நிரந்தரமாக இருக்க வேண்டும். காண்ட்ராக்ட் ஆளை வைத்து வேலை வாங்கி, மூன்று வருஷத்தில் அனுப்பிவிட்டால், அறிவும் அவரோடு வாசல் தாண்டிப் போய்விடும். பிறகு கம்பெனி சொன்னதே வேதம். செலவு மிச்சம் என்று சொல்லி ஆட்குறைப்புச் செய்கிற நிர்வாகம், விட்டுப் போகும் வழியைத் தானே சுவர் வைத்து அடைக்கிறது. கம்பெனி மாற்றத்தைச் சாக்காக வைத்து ஒரு தொழிலாளியைக்கூட வெளியே அனுப்பக் கூடாது.

இது வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத் தொழிலாளி சொல்லும் சுயநல வாதம் என்று சிலர் ஏளனம் செய்வார்கள். 1978-ல் ஐ.பி.எம். போனபோது நாட்டின் மெஷின்களை ஓட்டியது எது? சட்டமா? மந்திரியின் பேச்சா? வேலை தெரிந்த கைகள்! அந்தக் கைகள் இருந்ததால்தான், போகிறாயா, போ என்று ஒரு சர்க்கார் சொல்ல முடிந்தது.

இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் இருக்கின்றன. நம் மில் தொழிலாளி, நெசவாளி, கரிசல் காட்டுச் சம்சாரி வீட்டுப் பிள்ளைகள் இந்தக் கலையைப் படித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். உலகத்துப் பேங்குகளின் பழைய மெயின்பிரேம்களையும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த பிள்ளைகள் சென்னையில் உட்கார்ந்து கவனித்துக்கொள்கிறார்கள். அயல்நாட்டான் பூட்டைத் திறக்கவும் பூட்டவும் தெரிந்த பிள்ளைகள், சொந்த நாட்டின் பூட்டுக்குச் சாவி செய்யமாட்டார்களா? செய்வார்கள். அவர்களை நிரந்தர வேலையில் அமர்த்தும் மனம் நிர்வாகத்துக்கு வேண்டும். அந்த மனம் தானாக வராது. சங்கம் கேட்டால்தான் வரும். கேளுங்கள், தோழர்களே!